பச்சைப் பாறையை நம்பலாமா? முலாம் பட்டறைக் கழிவும் கடற்பாசியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ கடற்கரையில், கடல் வற்றியிருக்கும் நேரம் பாறைமேல் நடந்தால் காலை வழுக்கிவிடுவது பெரும்பாலும் உல்வா. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய, பளிச்சென்ற பச்சை இலை. கனம் இரண்டே செல். கடல் கீரை என்றும் சொல்வார்கள். பாறை இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, தண்ணீரும் நன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அந்தப் பச்சையை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது என்பதே பதில். உலோகக் கழிவு வந்து சேரும் கரையில் பாசி ஒரே நாளில் செத்து மிதப்பது அரிது. முதலில் ஒரு வகை காணாமல் போகும், பிறகு இன்னொன்று. கடைசியில் தாங்கும் வகைகள் மட்டும் நின்று, காலியான இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தாங்கும் வகைகளில் உல்வாவும் ஒன்று.

உல்வா இருப்பதே குற்றம் என்று இதற்குப் பொருளில்லை. சுத்தமான கரையிலும் அது வளரும். சாக்கடையின் நைட்ரஜன் கிடைத்தால் இன்னும் செழிக்கும். அதனோடு வேறு என்னென்ன பாசி இருக்கின்றன, என்னென்ன இருக்க வேண்டியவை இல்லை என்றுதான் பார்க்க வேண்டும். அது புரிய, முலாம் பட்டறைத் தொட்டியில் தொடங்கி பாசியின் செல்வரை உலோகம் போகும் பாதையைப் பார்ப்போம்.

ஒட்டிக்கொண்டு வெளியேறும் உலோகம்

பக்கி என்ற சிறு சரக்கு வண்டியின் பம்பர், இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் கம்பிவலை, குளியலறைக் குழாய், கதவுக் கைப்பிடி, பூசையறை விளக்கு என்று பளபளக்கும் பொருள் பலவும் ஏதோ ஒரு முலாம் பட்டறையைத் தாண்டித்தான் வந்திருக்கும். வேலை எளிமையானது. பொருளை ஜிக் என்ற கொக்கிச் சட்டத்தில் மாட்டி, வரிசையாக நிற்கும் தொட்டிகளில் ஒவ்வொன்றாக முக்கி எடுப்பார்கள். முதலில் காரத் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு போகும். அடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலமோ கந்தக அமிலமோ துருவைத் தின்னும். பிறகு நிக்கல், அதன்மேல் குரோம். ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவே கழுவும் தண்ணீர்த் தொட்டி.

கடலுக்கு வரும் தொல்லை தொடங்குவது இந்தக் கழுவும் தொட்டியில். முலாம் கரைசலை யாரும் வேண்டுமென்று கொட்டுவதில்லை. அது விலை கூடிய சரக்கு. ஆனால் தொட்டியிலிருந்து பொருளைத் தூக்கும்போது, குளித்து எழுந்தவர் உடம்பில் தண்ணீர் ஒட்டியிருப்பது போல, அதன் மேல் ஒரு படலம் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு என்பது பொருளின் வடிவம், கரைசலின் கெட்டித்தன்மை, எவ்வளவு நேரம் வடியவிட்டோம் என்பதைப் பொறுத்தது. தோராயமாக ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 100 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட வசதி. குழிவும் மடிப்பும் உள்ள பொருளில் இதைவிட அதிகம் வரும்.

நிக்கல் முலாமுக்கு இன்றும் பெரும்பாலும் பயன்படுவது, ஆலிவர் வாட்ஸ் 1916-இல் வெளியிட்ட கலவையின் வழிவந்ததுதான். ஒரு லிட்டரில் சுமார் 300 கிராம் நிக்கல் சல்பேட், 50 கிராம் அளவில் நிக்கல் குளோரைடு, 40 கிராம் போரிக் அமிலம். உப்புகளை விட்டு நிக்கலை மட்டும் எண்ணினால் லிட்டருக்கு ஏறக்குறைய 80 கிராம். ஆக, ஒரு சதுர மீட்டர் பொருள் ஒட்டி எடுத்துவரும் 100 மில்லிலிட்டரில் 8 கிராம் நிக்கல் போகிறது.

1995-இல் வந்த தென்னாப்பிரிக்கக் கடலோர நீர்த் தர வழிகாட்டி, கடல் உயிர்களைக் காக்க நிக்கல் லிட்டருக்கு 25 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்குபோட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். அந்த 8 கிராமை இந்த அளவுக்கு நீர்க்கவைக்க 3,20,000 லிட்டர் கடல்நீர் வேண்டும். செம்பு இதைவிட மோசம். அமிலச் செம்புத் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராம் செம்பு இருக்கும். வழிகாட்டி விடுவதோ 5 மைக்ரோகிராம்தான். அதே ஒரு சதுர மீட்டருக்கு 10 லட்சம் லிட்டர் கேட்கும். சாதாரணப் பட்டறையிலும் ஒரு நாளில் பல சதுர மீட்டர் பொருள் தொட்டிக்குள் இறங்கி ஏறுகிறது.

ஆகவே மிக மலிவான பாதுகாப்பு ஒரு கடிகாரம். பொருளைத் தொட்டிக்கு மேலேயே 10 முதல் 30 வினாடி வடியவிட்டாலே ஒட்டி வருவதில் பெரும்பகுதி தொட்டிக்குள் திரும்பிவிடும். அவசர ஆர்டர் வரும் நாளில் முதலில் கைவிடப்படுவதும் அந்த வினாடிகள்தான். மாட்டும் கோணமும் முக்கியம். கிண்ணம் போன்ற பொருளை வாய் மேல்நோக்கி மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணம் கரைசல் வெளியேறும்.

அடுத்தது கழுவும் முறை. பொருளில் ஒட்டியதை ஆயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும், மணிக்கு 1 லிட்டர் கரைசல் ஒட்டி வருகிறது என்று வையுங்கள். ஒரே தொட்டியில் கழுவினால் மணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் செலவாகும். இரண்டு தொட்டி வைத்து, பொருள் போகும் திசைக்கு எதிராகத் தண்ணீரை ஓடவிட்டால் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டி என்றால் 10 லிட்டர். தண்ணீர் குறைந்தால் கழிவும் கெட்டியாகும். கெட்டியான சிறு கழிவைச் சுத்திகரிப்பது சுலபம், சில வேளை தொட்டிக்கே திருப்பி ஊற்றவும் செய்யலாம். நீர்த்த பெருங்கழிவைக் கையாள்வது நரக வேதனை.

சுத்திகரிப்பில் சறுக்கும் இடங்கள்

நிக்கல், துத்தநாகம், செம்பு, மூவிணைக் குரோமியம் ஆகியவற்றைப் பிடிக்கும் வழி ஒன்றே: சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால் ஹைட்ராக்சைடு திரளாகக் கீழே படியும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு உலோகத்துக்கும் படிய ஏற்ற பிஎச் வேறு. குரோமியத்துக்கு 8-ஐ ஒட்டி, செம்புக்கு 9-ஐ ஒட்டி, நிக்கலுக்கு 10-க்கும் மேல். குரோமியமும் துத்தநாகமும் காரம் மிஞ்சினால் மறுபடி கரைந்துவிடும். எல்லாக் கழிவையும் ஒரே தொட்டியில் சேர்த்து 8.5-இல் நிறுத்தினால் குரோமியம் படிந்திருக்கும், நிக்கலில் ஒரு பங்கு தெளிந்த தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் பார்க்கப் பளிங்கு போலத் தெரியும். கண்ணை நம்புவது இங்கே முதல் தவறு.

குரோமியத்தின் இன்னொரு வடிவமான அறுவிணைக் குரோமியத்துக்கு இந்த வழி ஆகாது. அது எந்தக் காரத்திலும் படியாது. முதலில் அமிலம் சேர்த்து பிஎச்சை 2-க்கும் 3-க்கும் நடுவே கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்பைட்டால் மூவிணை வடிவத்துக்கு இறக்க வேண்டும். ஒரு கிராம் குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.74 கிராம் தேவை. நடைமுறையில் 3 கிராமோ கொஞ்சம் கூடவோ போடுவார்கள். மஞ்சள் நிறம் பச்சையாக மாறினால் வேலை முடிந்தது. பிஎச் 4, 5 என்று ஏறியிருந்தால் மாற்றம் நத்தை வேகத்தில் நடக்கும். பொறுமையில்லாமல் அடுத்த தொட்டிக்குத் தள்ளினால் மிச்சமிருக்கும் மஞ்சள் நேரே வெளியேறும்.

சில முலாம் தொட்டிகளிலிருந்து வரும் சயனைடு கழிவு எப்போதும் தனிக் குழாயில்தான் போக வேண்டும். அதை அழிக்கும் முதல் படியில் பிஎச்சை 10-க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட் சேர்ப்பார்கள். காரம் குறைந்தால் நச்சுவாயுவான சயனோஜன் குளோரைடு கிளம்பும். அமிலக் கழிவோடு கலந்துவிட்டாலோ ஹைட்ரஜன் சயனைடு வாயு எழுந்து ஆளையே கொல்லும். கடலைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்றால், குழாய்களைப் பிரித்து வைக்காத பட்டறையில் சயனைடும் நிக்கலும் சேர்ந்து கெட்டியான கூட்டுப்பொருளாகிவிடும். அது படியவும் படியாது, லேசில் சிதையவும் சிதையாது. அம்மோனியாவும் இடிடிஏ போன்ற பிணைப்பு மருந்துகளும் செய்யும் வேலையும் இதே ரகம்.

கடலை அடையும் வழிகள்

டர்பனைச் சேர்ந்த ஜேக்கப்ஸ், மோபெனி, பைன்டவுன் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் தரைக்கடியில் இரண்டு வடிகால் உண்டு. சாக்கடைக் குழாய் ஒன்று, மழைநீர் வடிகால் இன்னொன்று, இரண்டும் தனித்தனி. டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் தொழிற்கழிவு அனுமதியோடு சாக்கடைக்குள் விடப்படுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். டர்பனில் மெரேபேங்க் பக்கம் உள்ள தெற்கு நிலையத்திலிருந்தும் பிளஃப் பக்கம் உள்ள மத்திய நிலையத்திலிருந்தும் 1960-களின் இறுதியில் போடப்பட்ட குழாய்கள் கடலடியில் முறையே 4.2, 3.2 கிலோமீட்டர் ஓடி, முனையில் வரிசைத் துளைகள் வழியே கழிவைப் பீய்ச்சுகின்றன. சாக்கடை நீர் உப்பில்லாததால் இலேசானது. மேலெழும்போதே கடல்நீரைச் சேர்த்துக்கொண்டு நீர்த்துப்போகும். அகுல்ஹாஸ் என்ற வலுவான கடல் நீரோட்டம் ஓடும் கரை என்பதால் இந்த ஏற்பாடு ஓரளவு வேலை செய்கிறது.

மழைநீர் வடிகாலில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. பட்டறைத் தரையைக் கழுவிவிட்ட தண்ணீர், முற்றத்தில் அடுக்கிய துருப்பிடித்த பீப்பாய்களின் கசிவு, துத்தநாகக் கூரையில் வழிந்த மழை எல்லாம் அதற்குள் போய் உம்லாஸ் கால்வாய் வழியே கடலுக்கோ, உம்பிலோ, உம்லத்துசானா, அமன்சிம்ன்யாமா ஆறுகள் வழியே துறைமுக விரிகுடாவுக்கோ சேரும். அமன்சிம்ன்யாமா என்றால் சூலு மொழியில் கறுப்புத் தண்ணீர். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த முற்றங்களை, அக்டோபர் வாக்கில் கோடையின் முதல் பெருமழை கழுவி இறக்கும்போதுதான் விரிகுடா ஒரே மூச்சில் அதிக உலோகத்தைப் பார்க்கும். ஆண்டுச் சராசரி எண்ணில் இந்த ஒரு நாள் தெரியாது. பாசியின் வித்தைக் கெடுக்க அந்த ஒரு நாள் போதும்.

விரிகுடாவின் ஓட்டம் மெதுவானது; வந்த உலோகத்தில் பெரும்பங்கு சேற்றில் தங்கிவிடும். ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் சல்பைடோடு பிணைந்து அடங்கிக் கிடக்கும். கப்பல் பாதைக்காகத் தூர்வாரும்போது மறுபடி கிளம்பும். காட்மியம் கொஞ்சம் குறும்புக்காரன்: ஆற்று நீரில் மண்துகளோடு ஒட்டி வருவது, உப்புநீரைத் தொட்டதும் குளோரைடோடு சேர்ந்து துகளை விட்டுக் கரைந்துவிடும்.

எவ்வளவு என்பதைவிட எந்த உருவில் என்பது

இந்தத் துறையில் புதிதாக நுழைபவர் கற்க வேண்டிய முதல் பாடம் இது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மைக்ரோகிராம் செம்பு இருக்கிறது என்றால் அத்தனையும் பாசிக்கு நஞ்சு என்று பொருளில்லை. கடல்நீரில் கரைந்துள்ள செம்பில் 99 விழுக்காட்டுக்கும் மேல் கரிமப் பொருள்களோடு கைகோத்துக்கொண்டு இருக்கும். கையில் பிடி இல்லாமல் தனியாகத் திரியும் அயனிதான் செல்லின் வாசலில் உள்ள புரதத்தில் போய் ஒட்டும். தாலசியோசிரா என்ற டயாட்டத்தை (கண்ணாடிபோன்ற ஓடுள்ள ஒருசெல் நுண்பாசி) வைத்து ஆய்வாளர்கள் சண்டாவும் கில்லார்டும் 1976-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: மொத்தச் செம்பு எவ்வளவாக இருந்தாலும், பாசியின் வளர்ச்சி தனி அயனியின் அளவைப் பின்பற்றியே குறைந்தது.

இதிலிருந்து நடைமுறையில் பல விளைவுகள் வருகின்றன. மழைக்குப் பின் ஆறு கொண்டுவரும் தேநீர் நிறத் தண்ணீரில், மக்கிய இலைகளிலிருந்து வந்த ஹ்யூமிக் பொருள் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே அளவு செம்பு தெளிந்த நீரில் அதிகம் கடிக்கும். பிடித்து வைக்கும் பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. அது நிரம்பும்வரை கழிவு வந்தும் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். நிரம்பிய பிறகு கொஞ்சம் கூடினாலும் தனி அயனி பலமடங்கு எகிறும். நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று ஆச்சரியப்படுபவர்கள் கவனிக்கத் தவறியது இந்தத் திருப்பத்தைத்தான்.

குரோமியத்தின் கதை வேறு. அறுவிணைக் குரோமியம் கடலில் குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கும். பார்க்க சல்பேட் மாதிரியே இருக்கும். பாசிக்குக் கந்தகம் வேண்டும். சல்பேட்டை உள்ளே விடும் கதவு வழியே குரோமேட்டும் நுழைந்துவிடும். ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சல்பேட் 2.7 கிராம் இருக்கிறது. அந்த நெரிசலில் குரோமேட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. எனவே ஒரே அளவு குரோமேட் திறந்த கடலில் அடங்கியிருக்கும், உப்புக் குறைந்த கழிமுகத்தில் கடுமையாகத் தாக்கும். கால்வாய் வாயில் உள்ள பாசியையும், ஒரு கிலோமீட்டர் தள்ளி அலையடிக்கும் பாறைப் பாசியையும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

செல்லுக்குள் நடப்பவை

செம்பு பாசிக்கு எதிரியல்ல. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கடத்தும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்துக்குள் இருப்பதே செம்புதான். உப்பு இல்லாப் பண்டம் குப்பையிலே, மிஞ்சினாலும் குப்பையிலே என்ற நிலை. மிஞ்சும்போது அது புரதங்களின் கந்தக முனைகளில் ஒட்டி அவற்றின் வடிவத்தைக் கெடுக்கும். செல்சவ்வு ஓட்டையாகிப் பொட்டாசியம் கசியும். ஒளியைப் பிடிக்கும் இரண்டாம் ஒளியமைப்பு பழுதாகும். பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல், தீங்கான ஆக்ஸிஜன் வடிவங்கள் உருவாகிக் கொழுப்பையும் நிறமிகளையும் அரிக்கும். பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியத்தைத் தள்ளிவிட்டுச் செம்போ துத்தநாகமோ உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அப்படி மாறிய பச்சையம் பார்க்கப் பச்சையாகவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. பச்சையைக் கண்டு ஏமாறுவது செல் அளவிலும் நடக்கிறது.

துத்தநாகமும் அப்படியே: கார்பன் டை ஆக்ஸைடைக் கையாளும் நொதிக்கு வேண்டியது, அளவு மீறினால் நஞ்சு. துத்தநாகம் குறைந்த கடலில் சில டயாட்டங்கள் அந்த நொதியில் காட்மியத்தை வைத்துச் சமாளிக்கின்றன என்று 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். காட்மியம் உயிருக்கு உதவும் அபூர்வமான இடம் அது. அதற்காகக் காட்மியத்தை வரவேற்கத் தேவையில்லை. நிக்கல் பொதுவாகச் செம்பைவிடச் சாது. சயனைடு கடல்நீரின் பிஎச் 8-இல் பெரும்பாலும் ஹைட்ரஜன் சயனைடாக மாறி, சவ்வைத் தடையின்றித் தாண்டிச் செல்லின் சுவாசத்தை அடைக்கும். ஆனால் அது காற்றில் பறந்தும் சிதைந்தும் போய்விடும், உலோகம் போலத் தங்காது.

பாசியும் சும்மா இருப்பதில்லை. குளூட்டாதயோன் என்ற கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறிலிருந்து ஃபைட்டோகெலட்டின் என்ற சங்கிலிகளைச் செய்து, நுழைந்த உலோகத்தைக் கட்டிப்போடும். சில நுண்பாசிகள் செம்பைப் பிடிக்கும் பொருளைத் தண்ணீரிலேயே சுரந்துவிடும். பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் உள்ள ஆல்ஜினிக் அமிலம் உலோகத்தை வாசலிலேயே நிறுத்தும். கேப் மேற்குக் கரையில் வளரும் எக்லோனியா என்ற பழுப்புப் பாசியை உலர்த்திப் பொடித்து, கழிவுநீரிலிருந்து செம்பைப் பிரிக்க முயன்ற ஆய்வுகள் இந்தக் குணத்தை நம்பியவை. ஆனால் தற்காப்புக்கு விலை உண்டு: அதற்குச் செலவான கந்தகமும் நைட்ரஜனும் சக்தியும் வளர்ச்சியில் குறையும். சாகாமல், மெதுவாக வளரும் பாசியைப் பக்கத்திலிருக்கும் முரட்டு வகை மூடிவிடும்.

முதலில் போவது யார்

நுண்பாசிகளுக்குள்ளேயே தாங்கும் சக்தியில் பெரிய வேறுபாடு இருக்கிறது. மூன்று நாள் சோதனையில் வளர்ச்சியைப் பாதியாக்கும் செம்பின் அளவு, வகையைப் பொறுத்து லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் முதல் பல நூறு மைக்ரோகிராம்வரை மாறும். மிகச் சிறிய சயனோபாக்டீரியாவான சினெகோகாக்கஸ் மிக மென்மையானது. அது போய் வேறொன்று வந்தாலும் தண்ணீரின் மொத்தப் பச்சையம் அதேதான் காட்டும். ஆனால் மேயும் நுண்விலங்குக்கு அளவும் சுவையும் மாறிவிட்ட சாப்பாடு.

பெரிய பாசிகளில் வளர்ந்த இலையைப் பார்த்து முடிவு சொல்வது வீண். இளம்பருவம்தான் பலவீனமானது: நீந்தும் வித்து, முளைக்கும் குழாய், ஆண் பெண் செல்கள் சேரும் நேரம். வளர்ந்த செடி தாங்கும் அளவில் வித்து முளைக்காது. ஆகவே இருக்கும் செடிகள் அலையில் பிய்ந்துபோன பிறகு புதியது வராமல், பாறை ஓரிரு ஆண்டில் மெல்ல வெறிச்சோடும். ஹைட்ராக்சைடு திரளும் வண்டலும் பாறைமேல் மெல்லிய பூச்சாகப் படிந்தால், வித்து ஒட்டவே இடம் இருக்காது. அதற்கு நஞ்சே வேண்டாம்.

தாங்குவதற்கு நல்ல சாட்சி கப்பலின் அடிப்பகுதி. பாசி ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த வர்ணம் அடிக்கிறார்கள். அதையும் மீறி எக்டோகார்பஸ் என்ற நூல்போன்ற பழுப்புப் பாசி வளரும். கப்பலில் இருந்து எடுத்தவை, சுத்தமான பாறையில் இருந்து எடுத்த அதே இனத்தைவிடச் செம்பை அதிகம் தாங்கின என்று 1970-லேயே காட்டினார்கள். ஓர் இனத்துக்குள்ளேயே தாங்கும் பரம்பரை உருவாகிவிடும் என்பதால், இனத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லக்கூடாது.

பாசிக்குள் போனது பாசியோடு நிற்காது. சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உலோகம் இலையில் சேரும். அதை மேயும் நத்தைக்கும் கடல் முள்ளிக்கும், நுண்பாசியை வடிகட்டித் தின்னும் பழுப்பு மசல் என்ற சிப்பிக்கும் போகும். மசல் கறிக்குப் பாறையில் பறிப்பவர்கள் கால்வாய் வாயிலிருந்து விலகியிருப்பது நல்லது; கொதிக்கவைத்தால் கிருமி போகும், காட்மியம் போகாது.

ஆய்வகச் சோதனை

கழிவுநீர் பாசியைக் கெடுக்குமா என்று அறியப் பரவலாகச் செய்வது, ஐஎஸ்ஓ 10253 என்ற 72 மணி நேரச் சோதனை. ஸ்கெலிட்டோனீமா அல்லது ஃபியோடாக்டைலம் டயாட்டத்தை மில்லிலிட்டருக்குச் சுமார் 10,000 செல் என்ற அளவில் குடுவைகளில் விட்டு, கழிவைப் படிப்படியாகக் கூட்டி, 20 டிகிரி வெப்பத்தில் தொடர் ஒளியில் வைப்பார்கள். தினமும் செல்களை எண்ணி, கழிவு சேர்க்காத குடுவையோடு வளர்ச்சி வேகத்தை ஒப்பிடுவார்கள். முளைப்பதைப் பார்க்க வேண்டுமானால் மேக்ரோசிஸ்டிஸ் பாசியின் வித்தை 48 மணி நேரம் வைத்து முளைக்குழாயின் நீளத்தை அளப்பார்கள். சிவப்புப் பாசியான சாம்பியாவில் இரண்டு நாள் கழிவில் வைத்து, பிறகு சுத்தமான நீரில் விட்டு, கருவுற்ற காய்களை எண்ணுவார்கள்.

கேட்க எளிது, கெடுவது சுலபம். பாசி வளர்க்கும் வழக்கமான ஊட்டக் கரைசலில் இடிடிஏ இருக்கும். அது உலோகத்தைக் கட்டிப்போட்டு, நச்சுக் கழிவையும் சாதுவாகக் காட்டும். கழிவு உப்பில்லாதது என்பதால் அதைக் கூட்டக் கூட்டக் குடுவையின் உப்பு குறையும். உப்பைச் சரிசெய்யாவிட்டால், உப்புக் குறைவால் வந்த பாதிப்பை உலோகத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். தொடக்கத்தில் செல்களை அதிகம் போட்டால் அவையே உலோகத்தை உறிஞ்சித் தண்ணீரைச் சுத்தமாக்கிவிடும். செல்கள் பெருகும்போது பிஎச் ஏறும். ஏறினால் தனிச் செம்பு அயனி குறையும். மஞ்சள் குரோமேட் ஒளியையும் மறைக்கும். கழிவில் பாஸ்பேட் இருந்தால் குறைந்த அளவுகளில் பாசி முன்னைவிட நன்றாக வளர்ந்து, அறிக்கை படிப்பவரைத் திசைதிருப்பும். குடுவையை முன்கூட்டியே நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைக்காவிட்டால், முந்தைய சோதனையின் செம்பு கண்ணாடிச் சுவரிலிருந்து மறுபடி வந்து நிற்கும்.

உல்வாவையே சாட்சிக்கு அழைப்பது

தாங்கும் குணத்தால் உல்வா ஒரு வேலைக்கு நன்றாக உதவும். தண்ணீரை அள்ளி அளந்தால் அது அந்த ஒரு நொடியைத்தான் சொல்லும். உல்வாவின் இலை கடந்த சில வாரங்களைச் சேர்த்துச் சொல்லும். கால்வாய் வாய் அருகே ஓர் இடம், இரண்டு பக்கமும் தள்ளிச் சில இடங்கள், வெகுதொலைவில் ஒப்பிட ஓர் இடம் என்று தேர்ந்துகொள்ளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே வாரத்தில், பாறையின் ஒரே உயரத்தில், ஒத்த அளவுள்ள இலைகளைப் பறிக்க வேண்டும். வயதான இலையில் உலோகம் அதிகம் சேர்ந்திருக்கும். ஓரிடத்தில் கிழட்டு இலையும் இன்னோரிடத்தில் தளிரும் எடுத்தால் ஒப்பீடே பொய்யாகும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று தனி மாதிரிகள். பிளாஸ்டிக் கத்தரிக்கோலும் பிளாஸ்டிக் பையும் போதும். குரோம் பூசிய கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக் குரோமியம் தேடுவது நகைப்புக்குரியது.

அந்தந்த இடத்துக் கடல்நீரிலேயே மணலும் நத்தையும் போக நன்றாக அலச வேண்டும். குழாய்நீரில் ஊறவைத்தால் செல்கள் வெடித்து உள்ளே இருந்தது கசியும். ஒட்டிய வண்டலை விட்டுவைத்தால் பாசியை அல்ல, சேற்றைத்தான் அளக்கிறீர்கள். அளவீட்டில் இரும்பும் அலுமினியமும் அசாதாரணமாக எகிறியிருந்தால் சேறு கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு 60 டிகிரி சூட்டில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, பொடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்தால் அவர்கள் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளப்பார்கள். முடிவு ஒரு கிராம் உலர்ந்த பாசிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். உலர் எடையா ஈர எடையா என்று குறிப்பிடாத எண்ணைக் கையில் வாங்காதீர்கள். உல்வாவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் என்பதால், ஒரே மாதிரிக்கு அந்த இரண்டு எண்களும் ஐந்து மடங்கு, சில வேளை அதற்கும் மேல் வேறுபடும்.